விமானம் பழுதுபார்ப்பவருக்குச் சட்டப் பாடம் எதற்கு?

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் கல்வி உதவி கேட்டு ஒரு தகப்பனார் நம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். மகன் ஏ.எம்.இ. படிக்கிறான், அதாவது விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பு. "எல்லாப் பேப்பரும் பாஸ் பண்ணிட்டான். சட்டப் பேப்பர் ஒண்ணுதான் நிக்குது. அது சும்மா மனப்பாடப் பேப்பர்தான் வாப்பான்னு சொல்றான்" என்றார்.

பையனைக் குறை சொல்ல முடியாது. எஞ்சினைக் கழற்றிப் பார்க்கும் ஆசையில் இந்தப் படிப்புக்கு வருகிறவனுக்கு, விதி எண்களும் சுருக்கப் பெயர்களும் நிறைந்த பாடம் கசக்கத்தான் செய்யும். ஆனால் அவன் நாளை செய்யப்போகும் வேலையின் அடிப்படையே அந்தப் பேப்பரில்தான் இருக்கிறது. பிள்ளைகளை இந்தத் துறைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பல லட்சம் ரூபாய் கட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்வது இன்னும் நல்லது.

விமானத்தில் ஒரு சக்கரத்தை மாற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஸ்பேனர் பிடித்து மாற்றுகிறவர் டெக்னீஷியனாக இருக்கலாம். வேலை முடிந்ததும், 'இந்த வேலை முறைப்படி செய்யப்பட்டது, விமானம் பறக்கத் தகுதியானது' என்று பதிவேட்டில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அந்தச் சான்றுக்குச் சி.ஆர்.எஸ். என்று பெயர். அது இல்லாமல் விமானம் பயணிகளோடு கிளம்பக் கூடாது. அந்தக் கையெழுத்தைப் போடும் சட்ட அதிகாரம்தான் ஏ.எம்.இ. உரிமம். பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் பலர் இருப்பார்கள். கையெழுத்திடும் அதிகாரம் சிலருக்கே உண்டு. சம்பளத்தில் உள்ள வித்தியாசமும் அங்கேதான் பிறக்கிறது.

அந்தக் கையெழுத்தின் கனத்தைக் காட்ட ஒரு பழைய சம்பவத்தைச் சொல்லலாம். 1990 ஜூன் 10 அன்று, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 81 பயணிகளோடும் 6 பணியாளர்களோடும் கிளம்பியது. சுமார் 17,300 அடி உயரத்தில் விமானியின் முன்னாலிருந்த கண்ணாடி பெயர்ந்து பறந்தது. காற்றின் இழுப்பில் கேப்டனின் பாதி உடல் வெளியே போய்விட்டது. பணியாளர்கள் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டார்கள். துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள்.

விசாரணையில் வெளிவந்தது இது. முந்தைய நாள் அதிகாலையில்தான் அந்தக் கண்ணாடியைப் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். அதைப் பொருத்தியவர் அனுபவமுள்ள ஷிப்ட் மேலாளர். உதிரிபாக அட்டவணையைப் புரட்டி போல்ட்டின் எண்ணைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணளவில் பொருத்தம் பார்த்து எடுத்தார். மொத்தம் 90 போல்ட்டுகள். அவற்றில் 84 விட்டத்தில் சுமார் 0.66 மில்லிமீட்டர் குறைவு. மீதி 6 நீளம் போதாதவை. வேலையைச் செய்தவரும் அவரே, கையெழுத்திட்டவரும் அவரே. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த வேலைக்கு அன்று இருக்கவில்லை.

அவர் சோம்பேறியும் அல்ல, திறமை இல்லாதவரும் அல்ல. அவசரத்தில் பழக்கத்தை நம்பிவிட்டார். சட்டப் பாடத்தில் மாணவன் படிக்கும் வறண்ட வாக்கியங்களுக்கு இங்கேதான் உயிர் வருகிறது. அங்கீகரிக்கப்பட்ட கையேட்டைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும், பாகத்தின் எண்ணும் அதற்குரிய சான்றும் சரியாக இருக்க வேண்டும், முக்கியமான வேலைகளைச் செய்தவரைத் தவிர இன்னொருவரும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் சொல்வது இப்படிப்பட்ட இரவுகளை மனத்தில் வைத்துத்தான்.

இந்தியாவில் இந்த உரிமத்தை வழங்குவது டி.ஜி.சி.ஏ. என்னும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். உரிமத்துக்கான விதித்தொகுப்புக்குச் சி.ஏ.ஆர். 66 என்று பெயர். ஐரோப்பிய விதிகளை ஒட்டி அமைந்தது. பாடங்கள் மாட்யூல்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் 10ஆவது மாட்யூல்தான் விமானச் சட்டம். ஒவ்வொரு மாட்யூலிலும் 75 சதவீத மதிப்பெண் எடுத்தால்தான் தேர்ச்சி. நம் பள்ளித் தேர்வுகளைப் போல 35 எடுத்துக் கரையேற முடியாது.

பத்தாவது மாட்யூல் உலக அளவில் தொடங்குகிறது. 1944இல் சிகாகோவில் நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம், அதிலிருந்து பிறந்த ஐ.சி.ஏ.ஓ. அமைப்பு, அதன் இணைப்பு விதிகள். பிறகு இந்தியச் சட்டம் வருகிறது. இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக 'பாரதீய வாயுயான் அதிநியம் 2024' என்ற புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அண்ணன் படித்த நோட்ஸையும் சீனியர் கொடுத்த வினாத்தாள் தொகுப்பையும் மட்டும் நம்பிப் போகிறவன் இங்கேயே தடுக்கி விழுவான்.

அடுத்து, நம் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளும் எண்கள். உரிமம் பெறுவது பற்றிப் பேசுவது சி.ஏ.ஆர். 66. பயிற்சி நிறுவனத்துக்கான விதி 147. பராமரிப்பு நிறுவனத்துக்கானது 145. விமானம் தொடர்ந்து பறக்கும் தகுதியோடு இருப்பதைக் கண்காணிக்கும் விதித்தொகுப்பு சி.ஏ.ஆர்.-எம். யாருக்கு எது என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

சில இடங்கள் உண்மையிலேயே சுவையானவை. விமானத்தைத் தயாரித்த நிறுவனம் 'இந்தப் பாகத்தைச் சோதித்துப் பாருங்கள்' என்று வெளியிடுவது சர்வீஸ் புல்லட்டின். அது பெரும்பாலும் பரிந்துரைதான். அதே விஷயத்தை அரசு ஆணையம் 'ஏர்வொர்தினெஸ் டைரக்டிவ்' என்று வெளியிட்டால் அது கட்டளையாகிவிடும். குறித்த கெடுவுக்குள் செய்யாத விமானம் பறக்கக் கூடாது.

அதேபோல, ஒரு கருவி பழுதானால் விமானத்தை உடனே நிறுத்திவிட வேண்டும் என்று வெளியிலிருக்கும் நாம் நினைப்போம். அப்படியல்ல. எந்தெந்தக் கருவி வேலை செய்யாவிட்டாலும் என்ன நிபந்தனையோடு பறக்கலாம் என்று சொல்லும் எம்.இ.எல். என்ற பட்டியல் உண்டு. பழுதைப் பதிவு செய்த நாளைக் கழித்துவிட்டு, 'பி' வகைக்கு 3 நாள், 'சி' வகைக்கு 10 நாள், 'டி' வகைக்கு 120 நாள் அவகாசம். விமானம் தாமதமாகிறது, பயணிகள் சத்தம் போடுகிறார்கள், மேலதிகாரி போனில் அழைக்கிறார். அந்த நேரத்தில் 'போகலாம்' அல்லது 'போகக் கூடாது' என்று சொல்ல ஏ.எம்.இ.க்குப் பக்கபலமாக இருப்பது இந்தப் பட்டியலும் சட்டமும்தான். மனப்பாடம் செய்து பாஸ் பண்ணியவன் அந்த நெருக்கடியில் பணிந்துவிடுவான் என்பது என் கருத்து.

ஆகவே இந்தப் பாடத்தைப் படிக்கும் பிள்ளை, ஒவ்வொரு விதியையும் பார்த்து மூன்று கேள்விகள் கேட்டுப் பழகட்டும். யார் கையெழுத்திடலாம்? எந்த ஆவணத்தைப் பார்த்து? எத்தனை நாளைக்குள்? விதி எண் தானாக நினைவில் நிற்கும்.

இனிப் பெற்றோருக்கு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் இதில் சேரலாம். ஆண், பெண் வேறுபாடு கிடையாது. ஏரோநாட்டிக்கல் பி.இ. வேறு, ஏ.எம்.இ. வேறு. முன்னது பெரும்பாலும் வடிவமைப்பை ஒட்டிய பட்டப் படிப்பு. அந்தப் பட்டம் மட்டும் இருந்தால் விமானத்துக்குக் கையெழுத்திட முடியாது. இரண்டையும் ஒன்று என்று நினைத்துப் பணம் கட்டியவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

கல்லூரி தரும் சான்றிதழ் உரிமம் ஆகாது. மாட்யூல் தேர்வுகளை நடத்துவதும் உரிமம் தருவதும் டி.ஜி.சி.ஏ.தான். நிறுவனத்துக்குச் சி.ஏ.ஆர். 147 அங்கீகாரம் இருக்கிறதா, அது எந்தப் பிரிவுக்கு, இன்றைய தேதியில் நடைமுறையில் உள்ளதா என்று டி.ஜி.சி.ஏ. இணையதளத்தில் உள்ள பட்டியலில் பாருங்கள். பி1 என்பது எஞ்சின், உடற்பகுதி சார்ந்தது. பி2 மின்னணுக் கருவிகள் சார்ந்தது. அலுவலக வரவேற்பறையில் மாட்டியிருக்கும் சட்டமிட்ட படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

தேர்வுகள் முடிந்தவுடன் வேலை என்றும் எண்ண வேண்டாம். உரிமத்துக்கு நேரடிப் பராமரிப்பு அனுபவம் வேண்டும். பெரிய ஜெட் விமானங்களுக்கான பி1 பிரிவிலும் பி2 பிரிவிலும், அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவருக்கு 2 ஆண்டுகள். அப்படிப்பட்ட படிப்பு இல்லாதவருக்கு 5 ஆண்டுகள் வரை ஆகும். உரிமம் கிடைத்த பின்னும், குறிப்பிட்ட வகை விமானத்துக்கான டைப் ரேட்டிங் வேண்டும். அதன் மேல், வேலை செய்யும் 145 நிறுவனம் தரும் அனுமதியும் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் கையெழுத்து. அதன் பிறகும், கடந்த 2 ஆண்டுகளில் 6 மாதமாவது இந்தப் பணியில் இருந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. குடும்பத்தின் கணக்கில் இந்த ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசித் தேர்வு முடிந்த மாதத்திலிருந்தே கடனைத் திருப்பலாம் என்று நகையை அடகு வைத்தவர்கள் சிரமப்படுகிறார்கள்.

வளைகுடா நாடுகளைப் பற்றிக் கேட்பவர்கள் நம்மில் அதிகம். இந்திய உரிமத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் துபாயிலோ ரியாத்திலோ உடனே கையெழுத்திட முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி விமான ஆணையம், தனி உரிமம், தனி விதிகள். எஞ்சின் எங்கே போனாலும் ஒரே எஞ்சின்தான். விமானம் தாண்டும் எல்லையில் மாறுவது சட்டம். நம் தகப்பனாரின் மகன் ஒதுக்கி வைத்த அந்த ஒரு பேப்பரைத்தான், வெளிநாடு போகும்போது அந்த நாட்டுக்கு ஏற்றபடி அவன் மறுபடியும் படிக்க வேண்டியிருக்கும். இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "அப்ப இங்கேயே ஒழுங்காப் படிச்சிட்டுப் போகட்டும்" என்று சொல்லி விண்ணப்பப் படிவத்தை வாங்கிக்கொண்டார்.