பெயிலான பையன்கள் எழுதிய கட்டுரை

நடுநிலைப் பள்ளி இறுதித் தேர்வைத் தனித்தேர்வராக எழுதப் போன பதினான்கு வயது மலைக்கிராமத்துப் பையனுக்கு வந்த கட்டுரைத் தலைப்பு: ‘ரயில் பெட்டிகள் பேசுகின்றன’. இது நடந்தது 1960களின் இத்தாலியில். ஆறு தன் வரலாறு கூறுவதாகவும் பழைய குடை தன் கதை சொல்வதாகவும் எழுதிப் பழகிய தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தலைப்பு அந்நியமாகத் தெரியாது. நேர்மையாக நடந்துகொள்வதென்றால் தாளை வெறுமனே விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் தலைப்பையும் அதைக் கொடுத்தவரையும் கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்று அந்தப் பையன் பின்னாளில் எழுதினான். அன்றைக்கு அவனுக்குச் சான்றிதழ் வேண்டியிருந்தது.

அவன் படித்த ஊர் பார்பியானா. பிளாரன்ஸ் நகருக்கு வடக்கே முஜெல்லோ மலைப் பகுதியில் சிதறிக் கிடக்கும் சில வீடுகளும் ஒரு தேவாலயமும்தான் ஊர். 1954 டிசம்பரில் அங்கே பங்குத்தந்தையாக வந்தவர் லொரென்சோ மிலானி. பிளாரன்சின் வசதியான, படித்த குடும்பத்தில் 1923இல் பிறந்தவர். ஓவியராக விரும்பி, பிறகு பாதிரியார் ஆனவர். பார்பியானாவுக்கு வருமுன் இருந்த கலென்சானோவில் தொழிலாளர்களுக்கு மாலைப் பள்ளி நடத்தி, திருச்சபை மேலிடத்தின் அதிருப்தியைச் சம்பாதித்திருந்தார். பார்பியானாவுக்கு மாற்றியது தண்டனை போலத்தான். அவர் வந்தபோது மின்சாரமும் இல்லை, சரியான சாலையும் இல்லை.

அங்கே அவர் தொடங்கிய பள்ளிக்கு விடுமுறையே கிடையாது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஞாயிறு உட்பட ஆண்டு முழுவதும் நடந்தது. அரசுப் பள்ளி பெயிலாக்கி அனுப்பிய விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் மாணவர்கள். பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். செய்தித்தாளை வரி வரியாக உரக்கப் படிப்பார்கள். மொழி கற்கவும் வேலை பார்க்கவும் வெளிநாடுகளுக்கும் போய்வந்தார்கள்.

அப்படித் தேறியவர்களில் இருவர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, அங்கே பெயிலாக்கப்பட்டார்கள். அந்தத் தோல்விக்குப் பதிலடியாக எட்டு மாணவர்கள் சேர்ந்து எழுதியதுதான் ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’. 1967 மே மாதம் பிளாரன்சில் புத்தகமாக வெளிவந்தது.

அது எழுதப்பட்ட விதம்தான் இங்கே முக்கியம். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு குறிப்பு நோட்டு இருக்கும். மனதில் படுவதை உடனே எழுதிவைப்பார்கள், ஒரு தாளில் ஒரு கருத்து மட்டும். ஒருநாள் எல்லாச் சீட்டுகளையும் பெரிய மேசையில் பரப்பி, இரண்டு முறை வந்தவற்றை நீக்கி, ஒரே விஷயம் பேசுபவற்றைக் குவியலாகச் சேர்ப்பார்கள். ஒரு குவியல் ஓர் அத்தியாயமாகும். பிறகு பெயர் வைப்பார்கள். பெயர் வைக்க வராவிட்டால் அந்தக் குவியலுக்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன என்று பிரிப்பார்கள். அதன் பின் வெட்டும் வேலை: தேவையற்ற சொல், பேச்சில் வராத சொல், ஒரே வாக்கியத்தில் திணிக்கப்பட்ட இரண்டு எண்ணங்கள் என்று எல்லாம் போகும். கடைசியில், அதிகம் படிக்காதவர்களையும் அழைத்துவந்து உரக்கப் படிக்கச் சொல்வார்கள். புரியவில்லை என்றால் திருத்துவார்கள். ‘இப்படி எழுதினால் வம்பு, கொஞ்சம் அடக்கி எழுதுங்கள்’ என்ற அறிவுரையை மட்டும் ஏற்க மாட்டார்கள்.

கால வரம்பு வைக்கக் கூடாது என்பதும் அவர்கள் விதி. நம் தேர்வறையில் இருபது நிமிடத்தில் முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்று நிரப்பும் பிள்ளைக்கு இந்தச் சுகம் ஒருபோதும் வாய்ப்பதில்லை. சுகாதாரம், மனநலம், வரலாறு, சமூகச் சிக்கல் என்று எந்தத் தலைப்பு வந்தாலும் அதே அச்சில்தான் வார்க்க வேண்டியிருக்கிறது. குறை பிள்ளையிடம் இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. பார்பியானாக்காரர்களுக்கு யாருக்கு எழுதுகிறோம் என்பது முதல் வரியிலேயே தெரிந்திருந்தது.

கடிதத்தில் கோபம் நிறைய உண்டு. ஆனால் அந்தக் கோபம் கணக்கோடு வருகிறது. அரசின் புள்ளிவிவரங்களையும் பள்ளிப் பதிவேடுகளையும் தேடியெடுத்து, எந்த வீட்டுப் பிள்ளை பாதியில் நிற்கிறது, எந்த வீட்டுப் பிள்ளை மேலே போகிறது என்று கூட்டிக் கழித்து வரைபடமாக்கினார்கள். 1962 டிசம்பர் சட்டம் பதினான்கு வயது வரைக்கும் எல்லாருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்று சொல்லியிருந்தது. நடைமுறையில் யார் வெளியே தள்ளப்படுகிறார்கள் என்பதை அந்தக் கணக்கு காட்டியது. நூலில் இரண்டு பையன்கள் வருகிறார்கள். பியெரினோ டாக்டர் மகன், பள்ளிக்கு வரும்போதே எழுதப் படிக்கத் தெரிந்தவன். ஜான்னி ஏழை வீட்டுப் பிள்ளை, பெயிலாகிப் பெயிலாகி வேலைக்குப் போகிறவன். முன்னவனுக்கு வீடே பள்ளி. பின்னவனுக்குப் பள்ளியை விட்டால் வேறு கதியில்லை. அவனைத்தான் பள்ளி வெளியேற்றுகிறது.

பிரெஞ்சுத் தேர்வு பற்றிய பகுதியும் மறக்க முடியாதது. ஆந்தை, கூழாங்கல் போன்ற சொற்களின் ஒருமை பன்மை விதிவிலக்குகளை ஒப்பிப்பவன் தேறுகிறான். பிரான்சில் கழிப்பறை எங்கே என்று கேட்கக்கூட அவனுக்கு வராது.

குற்றச்சாட்டோடு அவர்கள் நிற்கவில்லை. கட்டாயக் கல்வியில் யாரையும் பெயிலாக்காதீர்கள், மந்தமாகத் தெரியும் பிள்ளைக்கு முழுநாள் பள்ளி கொடுங்கள், ஆர்வமில்லாதவனுக்கு ஓர் இலக்கைக் கொடுங்கள் என்று மூன்று கோரிக்கைகள் வைத்தார்கள்.

மிலானி அப்போது புற்றுநோயோடு படுக்கையில் இருந்தார். புத்தகம் வந்த மறுமாதம், ஜூன் 26ஆம் நாள், 44 வயதில் இறந்தார். 1968 மாணவர் எழுச்சியில் இந்த நூல் கைக்குக் கை மாறியது. புள்ளிவிவரங்களைக் கையாண்ட விதத்துக்காக இத்தாலிய இயற்பியல் கழகம் அதற்குப் பரிசு கொடுத்தது. பெயிலான பையன்களின் கணக்குக்கு விஞ்ஞானிகள் தந்த மதிப்பெண் என்றே இதைச் சொல்ல வேண்டும். கட்டாயக் கல்வி வகுப்புகளில் செப்டம்பர் மறுதேர்வு முறையை 1977இல் ஒரு சட்டம் நீக்கியபோது, பத்தாண்டாக நடந்த விவாதத்தில் இந்தக் கடிதத்துக்கும் பங்கு இருந்தது.

‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்ற தலைப்பில் இந்நூல் தமிழிலும் வந்திருக்கிறது. அதைப் படிக்கும் ஆசிரியர் தன் வகுப்பில் இந்தச் சீட்டு முறையைச் செய்துபார்க்க எந்த நிதியும் தேவையில்லை. பழைய நோட்டின் எழுதாத பக்கங்களைச் சீட்டுகளாகக் கிழித்தால் போதும். எட்டாம் வகுப்போடு நின்றுபோன தோழி ஏன் நின்றாள் என்ற ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, மாணவர்கள் ஒரு பருவம் முழுக்கச் சீட்டு சேர்க்கலாம், அவள் வீட்டுக்குப் போய் விசாரிக்கலாம். எழுதி முடித்ததை மாவட்டக் கல்வி அலுவலருக்கு உறையில் போட்டு அனுப்பலாம்.