ஸ்கேன் நார்மல்... ஆனா மறதி ஏன்? தலையில் அடிபட்டு மாதங்கள் கழித்தும் மூளையில் என்ன நடக்கிறது?

பைக்கில் இருந்து விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகிறார்கள். சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தக்கசிவு எதுவும் இல்லை, எல்லாம் நார்மல்" என்று ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தையல் பிரித்து, காயமும் ஆறிவிடுகிறது. பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறார். கடைக்கு அனுப்பினால் நாலு சாமானில் ரெண்டுதான் வீட்டுக்கு வருகிறது. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுகிறார். "முன்ன இப்படி இல்லையே, வேணும்னே பண்றாரு" என்று வீட்டில் பேச்சு கிளம்புகிறது.

உண்மையில் அவர் வேணும்னே எதையும் செய்யவில்லை. ஸ்கேன் நார்மல் என்றால் மூளைக்கு எதுவுமே ஆகவில்லை என்று அர்த்தம் கிடையாது.

ஸ்கேனில் தெரியாத காயம்

அவசர சிகிச்சையில் சிடி ஸ்கேன் தேடுவது உயிருக்கு ஆபத்தானவற்றை: மண்டை ஓட்டில் விரிசல், உள்ளே ரத்தக்கட்டு, மூளை வீக்கம். அந்த வேலையை அது நன்றாகவே செய்யும். ஆனால் மூளை, மண்டை ஓட்டுக்குள் திரவம் சூழ இருக்கும் மென்மையான உறுப்பு. வேகமாகப் போகிற தலை திடீரென நிற்கும்போது உள்ளே மூளை குலுங்கித் திருகுகிறது. அந்த இழுப்பில், நரம்பு செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஆக்ஸான் என்ற மெல்லிய இழைகள் சேதமடைகின்றன. சுவரில் கீறல்கூட இல்லாத வீட்டில் உள்ளே வயரிங் போய்விட்டது மாதிரி. இந்தச் சேதத்தில் பெரும்பகுதி சிடி ஸ்கேனில் தெரியாது. எம்ஆர்ஐ சிலவற்றைக் காட்டும், எல்லாவற்றையும் அல்ல.

"ஹெல்மெட் போட்டிருந்தாரே" என்பார்கள். ஹெல்மெட் உயிரைக் காப்பாற்றும், பலத்த காயத்தைப் பெருமளவு குறைக்கும். ஆனால் உள்ளே மூளை திருகுவதை அதனால் முழுசாகத் தடுக்க முடியாது.

பழசு ஞாபகம் இருக்கு, காலையில் சொன்னது இல்லை

குடும்பங்களை அதிகம் குழப்புவது இதுதான். பத்தாம் வகுப்பு வாத்தியார் பெயரைச் சட்டென்று சொல்கிறவர், காலையில் சொன்ன வேலையை மறந்துவிட்டேன் என்கிறார். நடிக்கிறார் என்ற முடிவுக்கு வருவது சுலபம்.

புது விஷயங்களை நினைவில் பதிய வைப்பது ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. அது காதுக்கு உள்பக்கமாக இருக்கும் டெம்போரல் மடலில் இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்மடல், திட்டமிடுவதையும் கோபத்தை அடக்குவதையும் பார்த்துக்கொள்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் மண்டை ஓட்டின் அடிப்பரப்பு கரடுமுரடான எலும்பு என்பதால், விபத்தில் அதிகம் அடிபடுவதும் இவைதான். பழைய நினைவுகள் ஏற்கெனவே மூளையில் பல இடங்களில் பதிந்துவிட்டவை. அதனால் அவை தப்பிக்கின்றன.

மறதி என்று சொல்லப்படுவதில் பாதி, மறதியே இல்லை. டிவி ஓடிக்கொண்டிருக்க, ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பேச, நடுவில் சொன்ன விஷயம் அவர் காதில் விழுந்தும் மூளையில் ஏறியிருக்காது. கவனமும் யோசிக்கும் வேகமும் குறைந்திருப்பதுதான் காரணம். காலையில் ஓரளவு நன்றாக இருப்பவர் மதியத்துக்கு மேல் தடுமாறுவார். அது சோம்பல் அல்ல, மூளைக்கு வரும் களைப்பு.

எவ்வளவு நாளில் சரியாகும்?

சுயநினைவு எவ்வளவு இருக்கிறது என்பதை டாக்டர்கள் கிளாஸ்கோ அளவுகோலில் 3 முதல் 15 வரை மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். 13 முதல் 15 வரை என்றால் 'லேசான' காயம். இந்த வார்த்தைதான் பலரை ஏமாற்றிவிடுகிறது. அது முதல் சில மணி நேர நிலைமையைச் சொல்கிறதே தவிர, மூன்று மாதம் கழித்து வேலைக்குப் போக முடியுமா என்பதைச் சொல்வதில்லை. லேசான காயத்தில் பெரும்பாலானவர்கள் சில வாரங்களில், அதிகபட்சம் மூன்று மாதங்களில் தேறிவிடுவார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் நீளும். பலத்த காயம் என்றால் முதல் ஆறு மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தொடரும்.

திரும்பத் திரும்ப அடிபடுவது தனி ஆபத்து. குத்துச்சண்டை வீரர்களிடம் தெரிந்த தடுமாற்றத்தை 1928-லேயே அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லாண்ட் பதிவு செய்தார். 2002-ல் இறந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை ஆராய்ந்த டாக்டர் பென்னட் ஒமாலு, அதில் நோய்க்கான அடையாளங்களைக் கண்டார். தலைக்காயத்தை டிமென்ஷியாவுக்கான ஆபத்துக் காரணிகளில் ஒன்றாக லான்செட் ஆணையம் 2020-ல் சேர்த்தது. அதற்காக, ஒருமுறை அடிபட்ட எல்லோருக்கும் டிமென்ஷியா வந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்துக்குப் பிறகான முதல் 48 மணி நேர சிகிச்சைக்கானது. மறதி தலைகாட்டுவதோ அதெல்லாம் முடிந்த பிறகு. அப்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு நின்றுவிடாமல், நரம்பியல் டாக்டரிடம் போய் நியூரோசைக்காலஜி பரிசோதனை கேட்கலாம். ஞாபகம், கவனம், வேகம் ஆகியவற்றைத் தனித்தனியாக அளக்கும் சோதனை அது. பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இதற்கு வசதி உண்டு. புகார்களை டாக்டரிடம் சொல்லி ரிப்போர்ட்டில் எழுத வைப்பது, விபத்து இழப்பீட்டு வழக்கிலும் கைகொடுக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. ஒரு நேரத்தில் ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். சட்டைப்பையில் சின்ன டைரியும், மாத்திரைக்கு போன் அலாரமும் இருக்கட்டும். நல்ல தூக்கம் அவசியம், மதுவைத் தொடவே கூடாது. மாதக்கணக்கில் படுக்க வைப்பதும் நல்லதல்ல. ஓரிரு நாள் ஓய்வுக்குப் பிறகு டாக்டர் ஆலோசனையோடு வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். வாந்தி, வலிப்பு, அதிகரிக்கும் தலைவலி இருந்தால் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

வயதானவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பாத்ரூமில் வழுக்கி லேசாக இடித்துக்கொண்ட தாத்தா, மூன்று வாரம் கழித்துக் குழம்பிப் பேசினால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடக் கூடாது. மூளைக்கு மேல் ரத்தம் மெதுவாகக் கசிந்து தேங்கியிருக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். முதல் ஸ்கேன் நார்மலாக இருந்திருந்தாலும் இன்னொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். தேங்கிய ரத்தத்தைச் சின்ன துளை போட்டு வெளியேற்றினால், பலர் பழையபடி பேரன் பேத்திகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.