அப்பா யாரென்று கேட்கும் உரிமை

2012 மே 29. டேராடூனில் ஒரு வீட்டில் மாவட்ட நீதிபதியின் முன்னிலையில் 86 வயது முதியவரிடமிருந்து ரத்தம் எடுக்கப்பட்டது. நோய்க்கான பரிசோதனை அல்ல அது. அந்த முதியவர் நாராயண் தத் திவாரி. உத்தரப் பிரதேசத்துக்கும் உத்தராகண்டுக்கும் முதல்வராக இருந்தவர், ஆந்திராவின் ஆளுநராகவும் இருந்தவர். ரத்தம் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தும் பலிக்கவில்லை.

வழக்குப் போட்டவர் ரோஹித் சேகர். 1979இல் பிறந்த அவர், திவாரிதான் தன்னைப் பெற்றவர் என்று அறிவிக்கக் கோரி 2008இல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். முதலில் மனு தள்ளுபடியானது. மேல்முறையீட்டில் உயிர் பெற்றது. 2010 டிசம்பரில் டிஎன்ஏ பரிசோதனைக்கு உத்தரவு வந்தது. திவாரி மறுத்தார். மறுப்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது, மறுத்ததையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஒரு நீதிபதி. அது போதாது, தேவைப்பட்டால் போலீஸ் உதவியோடு ரத்தம் எடுக்கலாம் என்று 2012 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஹைதராபாத் ஆய்வகத்தின் அறிக்கையை ரகசியமாக வைக்கும்படி திவாரி கேட்டுக்கொண்டதும் எடுபடவில்லை. ஜூலை 27ஆம் தேதி நீதிமன்றத்தில் உறை பிரிக்கப்பட்டது. ரோஹித் அவர் மகன்தான். 2014 மார்ச்சில் திவாரி அதை ஊரறிய ஏற்றுக்கொண்டார். மே மாதம் ரோஹித்தின் தாயைத் திருமணமும் செய்துகொண்டார்.

ரோஹித் பிறந்தபோது அவருடைய தாய் வேறொருவரின் மனைவி என்பதுதான் வழக்கின் சிக்கலான முடிச்சு. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு சொல்வது இது: திருமண பந்தம் இருக்கும்போது பிறக்கும் குழந்தை அந்தக் கணவனுடையதே. அந்த பந்தம் முறிந்து, தாய் மறுமணம் செய்யாத நிலையில் 280 நாட்களுக்குள் பிறந்தாலும் அப்படியே. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் தம்பதி ஒன்றுசேர வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் விலக்கு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் 116ஆம் பிரிவாக இதுவே தொடர்கிறது. ரத்தப் பரிசோதனையைக் கனவிலும் நினைக்காத காலத்தில், பிள்ளை மீது யாரும் பழி சொல்லிவிடக் கூடாது என்று எழுதப்பட்ட விதி. நோக்கம் நல்லதுதான். ரோஹித் வழக்கில் நீதிமன்றம் சட்டப்படியான பிறப்பு வேறு, பெற்றவர் யார் என்பது வேறு என்று பிரித்துப் பார்த்ததால் அந்த முடிச்சு அவிழ்ந்தது.

எல்லோருக்கும் அப்படி அவிழ்வதில்லை. கேரள இளைஞர் ஒருவர் இதே கோரிக்கையோடு போராடிய வழக்கில், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பரிசோதனைக்கு இடம் தரவில்லை. அவர் பிறந்த காலத்தில் தாயும் கணவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஆகவே சட்டத்தின் பார்வையில் அந்தக் கணவரே தந்தை என்றது. தந்தை என்று சுட்டப்படுபவரின் அந்தரங்கத்தையும் தாயின் கௌரவத்தையும் நீதிமன்றம் எடைபோட்டது சரிதான். ஆனால், குழந்தையைக் காக்கப் பிறந்த விதி, வளர்ந்து வந்து வாசலில் நிற்கும் பிள்ளைக்கே கதவை அடைப்பது நியாயமாகப் படவில்லை.

திருமணமே ஆகாத பெண்ணின் குழந்தைக்கு இந்தத் தடை இல்லை; பெற்றவர் யாரென்று நிரூபித்தால் போதும். தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத குழந்தை, திருமணத்துக்குள் பிறந்ததா வெளியே பிறந்ததா என்று பாராமல், வசதியுள்ள தந்தை ஜீவனாம்சம் தர வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம். பழைய சட்டத்தில் 125ஆம் பிரிவு, இப்போது 144. தந்தையின் பெயரைச் சொல்ல விரும்பாத தாய்க்கும் வழி உண்டு. திருமணமாகாத தாய் பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பள்ளிச் சேர்க்கைக்கு அலையும் தாய்மார்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சொத்து என்று வந்தால்தான் சட்டம் முகம் திருப்பிக்கொள்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை தாய்க்கும், அப்படியே பிறந்த தாயின் மற்ற பிள்ளைகளுக்கும் மட்டுமே உறவு. தந்தைக்கு இல்லை. டிஎன்ஏ அறிக்கை கையில் இருந்தாலும் அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பங்கு கிடையாது.

ஓரிரு விலக்குகள் உண்டு. முதல் மனைவி உயிரோடிருக்கும்போது செய்த இரண்டாம் திருமணம் செல்லாது; அதில் பிறந்த பிள்ளைகளை மட்டும் இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு ஏற்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தந்தைக்குச் சேர வேண்டிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நெடுங்காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களுக்குத் திருமணம் ஆனதாகவே கொள்ளலாம் என்று 2022இல் சொன்னது. ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், ஊரார் சாட்சியம் எல்லாம் அங்கே கைகொடுக்கும்.

சடங்கும் இல்லை, சேர்ந்து வாழ்ந்த காலமும் இல்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு மிஞ்சுவது தந்தையின் மனசு மட்டும்தான். அவர் உயில் எழுதினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெற்றோர் திருமணம் செய்யாததற்குப் பிள்ளை எந்த வகையிலும் பொறுப்பல்ல. 1956இல் எழுதிய அந்த வரியை நாடாளுமன்றம் திருத்தியாக வேண்டும்.