ஆழ்கடலை வென்ற உருக்குக் கோளம்

கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே செல்கிறது. பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியில், ஏறக்குறைய 11 கிலோமீட்டர் ஆழத்தில், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது ஒரு டன்னுக்கும் மிகுதியான விசை அழுத்துகிறது. கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஒரு மகிழுந்தின் எடையைத் தாங்குவதற்கு இஃது ஒப்பாகும்.

இவ்விசையைத் தாங்க ஏற்ற வடிவம் கோளமாகும். கோளத்திற்கு மூலை இல்லை. எனவே அழுத்தம் ஓரிடத்தில் குவியாமல் சுவர் முழுவதும் சமமாகப் பரவுகிறது. ஒரே ஆரமும் ஒரே தடிமனும் கொண்ட உருளையின் சுவர் ஏற்கும் பெருமத் தகைவில் பாதியையே கோளத்தின் சுவர் ஏற்கிறது. எனினும், தடித்த உள்ளீடற்ற கோளத்தை ஒரே துண்டாக வார்த்தெடுப்பது எளிதன்று. அதனைப் பகுதிகளாகச் செய்து பொருத்த வேண்டும்.

சுவிட்சர்லாந்து அறிவியலாளர் அகஸ்ட் பிக்கார்டு வடிவமைத்த 'டிரியெஸ்ட்' என்னும் ஆழ்மூழ்கிக் கலம் இதற்குச் சான்றாகும். 1958இல் அதனை வாங்கிய அமெரிக்கக் கடற்படை, மேலும் வலிய கோளம் ஒன்றைச் செருமனியின் குருப் நிறுவனத்தில் செய்வித்தது. நடுவில் ஒரு வளையமும் இருபுறமும் இரு கவிகைகளுமாக மூன்று உருக்குப் பகுதிகள் அதில் இருந்தன. சுவரின் தடிமன் ஏறத்தாழ 12.7 சென்டிமீட்டர். விளிம்புகள் மிக நுட்பமாகக் கடைந்து சீராக்கப்பட்டு, எபாக்சி பசையால் இணைக்கப்பட்டன.

இத்துணைப் பேரழுத்தத்தைப் பசை எவ்வாறு தாங்கும் என்னும் ஐயம் எழலாம். உண்மையில் பசை தாங்குவதில்லை, கடலே தாங்குகிறது. கல் வளைவில் மேலுள்ள பாரம் கற்களை ஒன்றோடொன்று நெருக்குவதுபோல, புறத்தேயுள்ள நீர் பகுதிகளை இறுக்கிப் பிடிக்கிறது. பசையின் பணி நீர்க்கசிவைத் தடுப்பதும், அழுத்தம் குறைந்த இடத்தில் பகுதிகளை விலகாமல் காப்பதுமேயாகும். ஆகவே, இணைப்புக்கு நேரும் இடர் ஆழத்தில் மட்டுமன்று, மேலே திரும்பும்போதும் உண்டு. 1959 நவம்பரில் ஏறத்தாழ 5,500 மீட்டர் ஆழம் சென்று திரும்பியபின் பசைப்பிணைப்பு தளர்ந்து, பகுதிகள் சற்றே இடம்பெயர்ந்தன. பொறியாளர்கள் அவற்றை மீண்டும் நேர்படுத்தி, உலோகப் பட்டைகளால் இறுகப் பிணைத்தனர்.

1960 சனவரி 23 அன்று ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் அக்கோளத்திற்குள் அமர்ந்து மரியானா அகழியின் அடித்தளத்தை அடைந்தனர். இறங்கும் வழியில் நுழைவுப் பாதையின் சாளரம் ஒன்று விரிசலுற்றுக் கலம் அதிர்ந்தது. கோளமோ உறுதியாக நின்றது. இருவரும் நலமுடன் மீண்டனர்.

இன்று சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் மூவர் பயணிக்கத்தக்க 'மத்ஸ்யா 6000' கலத்தை உருவாக்கி வருகிறது. அதற்கு உரியது டைட்டானியம் உலோகக் கலவைக் கோளம். பசைக்கு மாறாகப் பற்றவைப்பு. பொருளும் முறையும் மாறினும் அடிப்படை மாறவில்லை: பகுதிகள் பிழையின்றிப் பொருந்தினால், நசுக்க வரும் விசையே அவற்றை ஒன்றாக்கிக் காக்கும்.