மிளகுக் கொடியும் துனேர் மரமும்

செம்மேட்டில் வல்வில் ஓரி சிலைக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது இமயமலை மரம் ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தது. இருமலுக்குத் தாளிசாதி சூரணம் சாப்பிட்டு வரும் மிளகு விவசாயி ஒருவர், அதில் சேரும் தாளிசபத்திரி எங்கே விளைகிறது என்று கேட்டார். அது இமயமலையில் வளரும் ஊசியிலை. நாட்டு மருந்துச் சந்தையில் அந்தப் பெயரில் இரண்டு வகை மரங்களின் இலை புழங்குகிறது. ஒன்று ஃபிர். இன்னொன்று யூ, கார்வால் பக்கம் துனேர் என்பார்கள், தாவரவியலில் டாக்சஸ். இந்த துனேர் அருகிக்கொண்டே வருகிறது, அதைக் காக்க மரபணுக் குறிகளை உருவாக்கியிருக்கிறார்கள் என்றேன். “நாத்து விட்டு நட்டா வேலை முடிஞ்சது. அதுக்கு எதுக்கு சார் மரபணு?” என்றார்.

நியாயமான கேள்விதான். மரம் ஏன் குறைந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.

உத்தராகண்டில் போட்டியா மக்கள் இதன் பட்டையைக் கொதிக்க வைத்து டீயாகவே குடிப்பார்கள். அதனால் மரம் அழிந்துவிடவில்லை. 1971-ல் அமெரிக்காவில் மன்ரோ வால், இந்தியாவில் பிறந்த மன்சுக் வானி இருவரும் பசிபிக் யூ மரத்தின் பட்டையில் டாக்சால் என்ற பொருளின் அமைப்பைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். 1992-ல் அது சினைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக அனுமதி பெற்றது. ஒரு கிலோ டாக்சாலுக்குச் சுமார் 10 டன் பட்டை வேண்டும். பட்டையை உரித்தால் மரம் செத்துப்போகும். இமயமலை யூவின் இலையிலிருந்தும் அந்த மருந்தைச் செய்ய முடியும் என்று தெரிந்ததும் வியாபாரிகளின் கண் இங்கே திரும்பியது. 1995-லேயே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இமயமலை யூ சேர்ந்தது. இன்று அழியும் ஆபத்தில் உள்ள மரங்களில் ஒன்று அது.

வெட்டின வேகத்துக்கு அது வளராது. விதை முளைக்கவே ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். அதனால் நாற்றங்கால்களில் கிளையை வெட்டிப் போத்தாக நடுகிறார்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

“அண்ணே, உங்க சில்வர் ஓக்கில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியை நினைச்சுப் பாருங்க” என்றேன். ஒரே தாய்க்கொடியிலிருந்து துண்டு வெட்டித் தோட்டம் முழுக்க நட்டால், அத்தனையும் அந்த ஒரே கொடிதான். வாடல் நோய் அந்தத் தாயைச் சாய்க்குமென்றால் எல்லாவற்றையும் சாய்க்கும். துனேருக்கு இதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரம் ஒன்றிலிருந்து ஆயிரம் போத்து எடுத்து ஒரு மலைச்சரிவையே நிரப்பினாலும் அங்கே ஒரு விதைகூட விழாது. கணக்கில் ஆயிரம் மரம் இருக்கும், உண்மையில் அது ஒரே மரம்.

எது ஒரே மரம், எது வேறு மரம் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்குத்தான் மரபணுக் குறி. டிஎன்ஏ என்பது ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதிய நீண்ட சரம். அதில் சில இடங்களில் ‘ஏஜி ஏஜி ஏஜி’ என்று ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும். செல் பிரியும்போது சரத்தைப் படியெடுக்கையில் இப்படிப்பட்ட இடத்தில் வழுக்கல் நேர்ந்து, ஒன்றிரண்டு கூடும் அல்லது குறையும். தலைமுறை தலைமுறையாக இது நடப்பதால் மரத்துக்கு மரம் எண்ணிக்கை மாறுகிறது. ஒவ்வொரு மரத்திலும் தாய் தந்த எண் ஒன்று, தகப்பன் தந்த எண் ஒன்று என இரண்டு இருக்கும். தாய்க்கு 12-ம் 15-ம் என்றால் கன்றுக்கு அவற்றில் ஒன்று வந்தாக வேண்டும். இப்படி இரண்டு மரங்களில் பல இடங்களைப் பார்த்து எல்லா எண்ணும் ஒத்துப்போனால் இரண்டும் ஒரே மரத்தின் போத்து. ஒரு காட்டில் பெரும்பாலான மரங்களில் இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தால், அங்கே நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே கலப்பு நடந்துவருகிறது என்று சந்தேகிக்கலாம்.

இதற்கு மரத்தைத் துன்புறுத்த வேண்டாம். நாலைந்து ஊசியிலையைப் பறித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகள் உள்ள பையில் போட்டால் போதும். ஆய்வகத்தில் அதை அரைத்து டிஎன்ஏவைப் பிரிப்பார்கள். வேண்டிய இடத்தின் இருபுறமும் ஒட்டிக்கொள்ளும், சுமார் 20 எழுத்து நீளமுள்ள ‘பிரைமர்’ ஜோடியைச் சேர்த்து பிசிஆர் எந்திரத்தில் வைப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துண்டு இரட்டிக்கும். 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டும். பிறகு துண்டின் நீளத்தை அளந்தால் எண் தெரிந்துவிடும்.

சொல்ல எளிது, சரியான பிரைமரைக் கண்டுபிடிப்பதுதான் பாடு. மனித மரபணுத் தொகுதி சுமார் 300 கோடி எழுத்து. 2021-ல் வெளியான சீன யூ மரத்தினுடையது 1,000 கோடிக்கு மேல். அதில் பெரும்பகுதி ஒன்றைப்போலவே ஒன்று இருப்பதால், பிரைமர் வேண்டாத இடங்களிலும் போய் ஒட்டிக்கொள்ளும். சில இடங்களில் எல்லா மரத்துக்கும் ஒரே எண் வரும், அதனால் பயன் இல்லை. தேடியதில் பெரும்பாலானதைக் கழித்துவிட்டு, மிஞ்சும் கொஞ்சத்தை வைத்துத்தான் வேலை. இமயமலை யூவுக்கு அப்படிப்பட்ட குறிகளை நேபாள, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் சேர்ந்து 2013-ல் வெளியிட்டார்கள். பெயர் வெளியே தெரியாத இந்த உழைப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

டிஎன்ஏ இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. மேற்கு இமயமலை யூவும் கிழக்கு இமயமலை யூவும் வெவ்வேறு இனங்கள் என்பது 2011-ல் வெளியான ஆய்வில் உறுதியானது. நல்லெண்ணத்தோடு கிழக்கிலிருந்து கன்று கொண்டுபோய் மேற்கில் நட்டிருந்தால், காப்பாற்றுவதாக நினைத்து இடம் மாற்றிக் கலந்திருப்போம்.

நம் பக்கமும் இது பொருந்தும். கொடைக்கானலில் பார்க்கும் பைன் மரங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கையாக உள்ள ஒரே ஊசியிலை இன மரம் நாகியா வாலிச்சியானா. அகத்தியமலைக் காடுகளில் இருக்கிறது. இலை அகலமாக இருப்பதால் அதை ஊசியிலை இனம் என்று யாரும் நினைப்பதில்லை. அதிலும் ஆண், பெண் தனித்தனி மரம்தான். கோயம்புத்தூரில் வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம் இருக்கிறது. இந்த மரபணு வேலைக்கு நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை.

அரிய மரங்களுக்கு நாற்றங்கால் போடும் வனத்துறையினருக்கும் தன்னார்வலர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விதையோ போத்தோ எடுக்கும் ஒவ்வொரு தாய்மரத்துக்கும் எண் கொடுங்கள், ஆணா பெண்ணா என்று எழுதுங்கள், நாலு இலையைச் சிலிக்கா பையில் போட்டு வையுங்கள். ஒரே மரத்திலிருந்து எல்லாவற்றையும் எடுக்காதீர்கள்.