மூடிக்குள் ஒரு வார்

சண்டிலிப்பாயைத் தமிழ் கற்றோர் அறிந்திருப்பது பெரும்பாலும் கல்வளைப் பிள்ளையாரால். நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் கல்வளை அந்தாதி அப்பிள்ளையார்மீது எழுந்தது. ஒரு செய்யுளின் ஈறு அடுத்ததன் முதலாகி, இறுதிச் செய்யுள் முதற் செய்யுளோடு வந்து கூடுவது அந்தாதியின் இலக்கணம். இடையில் ஒரு கண்ணி அறுந்தால் பாடல்கள் இருக்கும், அந்தாதி இராது. இதனை மாணவருக்குப் பல ஆண்டு சொல்லி வந்தவன் நான். மோட்டார் வண்டியின் வயிற்றுக்குள்ளும் அவ்விலக்கணம் உண்டென்பதை அறிய, என் மருமகனின் வேன் நடுத்தெருவில் நிற்க வேண்டியதாயிற்று.

அவன் பழைய ஜப்பானிய டீசல் வேனொன்றைக் கடனுக்கு வாங்கி, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றியும், மற்ற வேளைகளில் கோயில், கலியாணம் என்று வாடகைக்கு ஓடியும் பிழைத்து வந்தான். ஒரு நாள் வந்து, "மாமா, டைமிங் பெல்ற் மாத்த வேணுமாம். கொஞ்சக் காசு தருவியளே?" என்றான்.

"ஓடுற வண்டியை ஏன் கழட்டுவான்? அடுத்த மாதம் பாப்பம்" என்றேன்.

நான் பழகிய வண்டிகள் வேறு. ஒஸ்ரினும் மொரிஸ் மைனரும் யாழ்ப்பாணத்து வீதிகளை ஆண்ட காலம் என் காலம். 1990இன் பின் பொருளாதாரத் தடை வந்து பெட்ரோல் அருகியபோது, சிறு போத்தலிலிருந்து சில துளி பெட்ரோல் காட்டி உயிர்ப்பித்து, அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அவை இருமின, கரும்புகை கக்கின, ஆயினும் ஓடின. அவற்றின் உள்ளே கிராங் தண்டையும் காம் தண்டையும் பிணைத்தது உருக்குச் சங்கிலி. அது தேய்ந்தால் கலகலவென்று முன்னரே முறையிடும். 2002இல் ஏ9 பாதை திறந்தபின்னும், 2009இன் பின்னும் வடக்கே வந்த ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் அச்சங்கிலியின் இடத்தில் பற்களுடைய இறப்பர் வார் இருந்தது. வார் பெரும்பாலும் முறையிடுவதில்லை.

இவ்வாரின் பூர்வீகம் வேடிக்கையானது. 1940களில் அமெரிக்காவிலே தையல் இயந்திரத்தின் ஊசியும் கீழ்நூலும் ஒரே தாளத்தில் இயங்குவதற்காகத் தோன்றியது அது. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தனது 1004 என்னும் காரில் அதனை எஞ்சினுக்குள் புகுத்தியது. ஓசை குறைவு, எண்ணெய் வேண்டா, விலையும் மலிவு, உலகம் ஏற்றுக்கொண்டது.

கிராங் தண்டு இருமுறை சுழலும்போது காம் தண்டு ஒருமுறை சுழல வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. டீசல் எஞ்சின் காற்றை ஏறத்தாழ இருபது மடங்கு நெருக்குவது. ஆகவே பிஸ்ரன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் மிகச் சொற்பம். வார் அறுந்தால் காம் தண்டு நின்றுவிடும். பிஸ்ரனோ வந்த வேகத்தில் வந்துகொண்டே இருக்கும். திறந்தபடி நின்ற வால்வு அதன் தலையில் அடிபட்டு வளையும். ரொயோட்டாவின் 5ஏ எப்ஈ போன்ற சில பெட்ரோல் எஞ்சின்களில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். வார் அறுந்தாலும் வண்டி நிற்பதோடு சரி. டீசலில் அந்த மன்னிப்பு இல்லை.

நான் சொன்ன 'அடுத்த மாதம்' வரவில்லை. ஒரு காலை, வேன் நிறையப் பிள்ளைகளோடு, கோயிலடித் திருப்பத்தில் 'டக்' என்றொரு ஒலி, பிறகு அமைதி. பிள்ளைகளை வேறு வண்டியில் ஏற்றிவிட்டு, வேனைக் கராச்சுக்கு இழுத்துச் சென்றோம்.

மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்தார். "மாஸ்ரர், ஹெட்டைக் கழட்ட வேணும்" என்றார். எட்டு வால்வுகளில் ஐந்து வளைந்திருந்தன. வாருக்குக் கேட்ட காசைப்போலப் பத்து மடங்குக்கு மேல் செலவாயிற்று. மூன்று கிழமை வண்டி நின்றது; அதற்குள் இரண்டு வீட்டார் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிட்டனர். நான் அவன் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

"லைற் எரியேல்லையே, அண்ணை?" என்று மருமகன் கேட்டான். பல ஜப்பானிய டீசல் வண்டிகளில் 100,000 கிலோமீற்றர் ஆனதும் வாரை மாற்றச் சொல்லி முகப்பில் ஒரு விளக்கு எரியும். அது தூரமானியின் எண்ணைத்தான் நம்பி எரிவது. "எண்ணைப் பின்னுக்குச் சுத்தினால் லைற் என்னெண்டு எரியும்?" என்றார் அவர். யார் சுற்றியதோ! எண் குறைவாயினும் இறப்பருக்கு வயது ஏறுகிறது. ஆண்டுக் கணக்கும் பார்க்க வேண்டும். எண்ணெய்க் கசிவு பட்டால் இன்னும் விரைவில் கெடும்.

வாரோடு அதை இறுக்கும் உருளையையும் மாற்றினார். குறிகளைப் பொருத்தியபின் சாவியைத் தொடவில்லை; கிராங் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் வந்து கூடுகின்றனவா என்று பார்த்தார். கூடின. ரோர்ச் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, அந்தாதியின் இறுதிச் செய்யுள் நினைவுக்கு வந்தது. அவரிடம் சொல்லவில்லை.

பூட்டிய திகதியையும் தூரமானியின் எண்ணையும் மூடியின்மேல் எழுதச் சொன்னார். கரும்பலகையில் எழுதிய கையென்று மருமகன் மையை என்னிடம் தந்தான், எழுதினேன். அவனுடைய கடனில் இரண்டு தவணை இன்னும் நிலுவையில் நிற்கிறது. அதில் ஒன்றை நான் கட்டுவதாகப் பேச்சு.