துப்பாக்கிக்கும் தோசைக்கல்லுக்கும்!

இரும்புலியூர் என்றதும் இரும்பின் ஞாபகம் வருகிறது. இரும், புலி, ஊர் என்று பிரித்தாலோ பெரிய புலி ஒன்று வந்து நிற்கிறது! இன்று அங்கே புலி ஏது? ஜி.எஸ்.டி. சாலையும் பைபாஸ் சாலையும்தான் சந்திக்கின்றன. ஆனால் இரும்பைத் தின்னும் புலி ஒன்று தாம்பரம் வட்டாரம் முழுவதும் உலவுகிறது. அதன் பெயர் துரு. கடற்காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் அதற்குத் தீனி.

ஜன்னல் கம்பியை அது தின்றால் வர்ணம் அடித்துக்கொள்ளலாம். தாத்தா காலத்துத் துப்பாக்கி, லைசென்ஸோடு பீரோவில் இருக்கிற வீட்டில் என்ன செய்வது? "கடையில் கொடுத்தால் புதுசு போலப் பூச்சுப் போட்டுத் தருகிறார்களாமே, அது எத்தனை நாள் நிற்கும்?" என்று கேட்பீர்கள்.

விடை உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. புதுத் தோசைக்கல்லைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவிப் பழக்குகிறீர்கள் அல்லவா? துப்பாக்கிக்கும் முறைதான் வேறு, தத்துவம் ஒன்று. அதன் கருநீலப் பூச்சு வர்ணமே அல்ல. காரமும் உப்பும் கலந்து கொதிக்கும் நீரில் இரும்பை முக்கினால், அதன் மேல்தோலே கறுப்புத் துருவாக மாறிவிடும். சிவப்புத் துரு இரும்பை அரிக்கும். கறுப்புத் துரு ஓரளவு காக்கும். ஓரளவுதான்! தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லிய அந்தப் படலம், எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் வரைதான் உழைக்கும். வியர்வைக் கையால் தொட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்தால் எந்தப் பூச்சும் நாளடைவில் போய்விடும்.

இதைவிட உறுதியானது பாஸ்பேட் பூச்சு. 1906-இல் இங்கிலாந்தில் தாமஸ் காஸ்லெட் காப்புரிமை பெற்ற முறை இது. பிறகு அமெரிக்காவில் பார்க்கர் கம்பெனி இதை வளர்த்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அந்நாட்டுத் துப்பாக்கிகள் இந்தச் சாம்பல் நிறச் சட்டையோடுதான் புறப்பட்டன. டில்லி குதுப்மினார் பக்கத்தில் நிற்கும் 1,600 வருஷத்து இரும்புத் தூணைக் காப்பதும் பாஸ்பரஸ் சேர்ந்த ஒரு படலமே என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கியிருக்கிறார்.

எந்தப் பூச்சானாலும் அதன் ஆயுள், பூசுமுன் செய்யும் வேலையில்தான் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் பூச்சுப் பிடிக்காது. துருவை மூடிப் பூசினால் உள்ளேயே அரிக்கும். அளவுக்கு மீறி மெருகேற்றினாலோ, பொறித்த எண்ணே தேய்ந்துபோகும். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி அந்த எண்ணை அழிப்பது குற்றம். லைசென்ஸ் இல்லாத பட்டறையில் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதும் குற்றமே.

இரட்டைக்குழல் துப்பாக்கி என்றால் இன்னும் ஜாக்கிரதை! பழைய குழல்கள் பலவற்றை ஈயப் பற்றாசு வைத்து ஒட்டியிருப்பார்கள். கொதிக்கும் காரத் தொட்டி அந்தப் பற்றாசைத் தின்றுவிடும். பார்வைக்குப் புதுசு, உள்ளே ஒட்டு தளர்ந்திருக்கும். அவற்றுக்கு, மெள்ளத் துருவேற்றி வெந்நீரில் கறுப்பாக்கும் பழைய முறையே ஏற்றது.

ஆகவே, நிறத்தை விசாரிக்கச் சொல்லாதீர்கள், "பூசுமுன் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் எண்ணை லைசென்ஸோடு ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தோல் உறைக்குள் நாட்கணக்கில் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தை இழுக்கும். தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, எண்ணெய்த் துணியால் அடிக்கடி துடைப்பது லைசென்ஸ்காரர் வேலை. அதை அவருக்கு ஞாபகப்படுத்துவது உங்கள் வேலை. அதில் உங்களுக்குப் பயிற்சி வேறு வேண்டுமா, என்ன!